வெங்காயத் தராசில் என் வலது கால்

இருபது வருடமாக அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். குருத்தணு என்று ஒரு பாடம் வரும். ஸ்டெம் செல் என்று ஆங்கிலத்தில் சொன்னால் பிள்ளைகள் உடனே நிமிர்ந்து உட்காரும், குருத்தணு என்றால் கொட்டாவி விடும். எந்த வேலைக்கும் இன்னும் போகாத செல், எலும்பு மஜ்ஜையில் இருக்கும், தேவைப்பட்டால் எலும்பு கட்டும் செல்லாக மாறும், கொழுப்புச் செல்லாகவும் மாறும் என்று சொல்லிக்கொடுத்து, இரண்டு மார்க் கேள்வியாக வரும், அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்று முடித்துவிடுவேன். அந்த இரண்டு மார்க் என்னை ஆறு மாதம் படுத்திய பாடு இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு கார்த்திகை மாதம். அரியலூர் ரோட்டில் ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடுகிற ரோடு அது. வளைவுகளில் பொடிக்கல் சிந்திக் கிடப்பது புதிதில்லை. நூறு தடவை பார்த்துத் திரும்பிய வளைவுதான். அன்றைக்கு அவசரம், பார்க்கவில்லை. வண்டி சறுக்கியது, வலது கால் அடியில் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே இருக்கிற பெரிய எலும்பு இரண்டாகப் போனது. போகும்போது வந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதை மட்டும் இன்றைக்கு வரை யாரிடமும் விவரித்துச் சொன்னதில்லை.

பெரம்பலூரில் ஆபரேஷன் நடந்தது. எலும்பின் நடுவே நீளக் கம்பி ஒன்றை இறக்கி, மேலும் கீழும் திருகாணி போட்டார்கள். ஒன்றரை மாதம் கழித்துப் போனபோது எலும்பு டாக்டர், காலை ஊன்றத் தொடங்கலாம், வாக்கரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுங்கள் என்றார். சின்ன வயது டாக்டர், அதிகம் பேசாதவர். நான் சரி என்று தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். வெளியே வந்ததும் அவர் தலை வேறு மாதிரி ஆடியது.

அவருக்குச் சின்ன வெங்காய மண்டி. எங்கள் ஊர் ரோட்டோரத்தில் கொட்டகை. மூட்டை வரும், நிறுப்பார், ஏற்றி அனுப்புவார். வாய் பேசுவதை விடத் தராசு பேசுவதை நம்புகிற மனுஷர். ஆனால் விபத்து நடந்த அன்றைக்கு, தகவல் தெரிந்து ஓடி வந்தவர் நான் ரோட்டில் நினைவில்லாமல் கிடந்ததைப் பார்த்தபோது தராசை நம்பவில்லை, குலதெய்வத்தை நம்பினார். ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம் முந்திரிக் காட்டுக்குள் எங்கள் அம்மன் கோயில். இவளைப் பிழைக்க வைத்துக் கொடு, இவள் முறிந்த கால் மறுபடி மண்ணில் படுவது உன் சித்திரைத் திருவிழாவில் உன் வாசலில்தான், அதற்கு முன்னால் வேறு எங்கும் படாது என்று ரோட்டில் நின்று வேண்டிக்கொண்டிருக்கிறார். அதை எனக்குச் சொன்னது ஆஸ்பத்திரி வாசலில், டாக்டர் ஊன்றச் சொன்ன அதே நாளில்.

அப்போது தை பிறந்திருந்தது. திருவிழா சித்திரைக் கடைசி வெள்ளி.

உயிரியல் டீச்சர் என்ன செய்திருக்க வேண்டும்? சண்டை போட்டிருக்க வேண்டும். எனக்குச் சண்டை வராது என்று யாராவது சொன்னால் எங்கள் ஸ்டாஃப் ரூமே சிரிக்கும். நான் சண்டை போடவில்லை. வேண்டுதலாச்சே, என்ன செய்வது என்று முனகிவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

அதன்பிறகு என் ராஜ வாழ்க்கை ஆரம்பித்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவர் தூக்குவார். நாற்காலியிலிருந்து காருக்கு மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர், நாற்காலியோடு சேர்த்துத் தூக்குவார்கள். டீச்சரம்மா ஒரு மூட்டைகூட இல்லை என்று அவர்களுக்குள் கிண்டல். பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள், உறவுக்காரர்கள் என்று வருகிறவர்கள் எல்லாம் தூக்குப் பாத்திரத்தில் ஆட்டுக்கால் சூப் கொண்டு வந்தார்கள். நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சு, எலும்புக்கு எலும்பு சேரும் என்று ஒரே உபதேசம். நானும் உறிஞ்சினேன். அந்த நல்லிக்குள் வழுவழுவென்று இருப்பதில் பெரும்பங்கு கொழுப்பு என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ருசியாக இருந்தது.

தை கடைசியில் டாக்டரிடம் போனபோது, நடக்கிறீர்களா என்று கேட்டார். வீட்டுக்குள் கொஞ்சம் நடக்கிறேன் என்றேன். பிட் அடித்த பிள்ளைகளை நான் எப்படியெல்லாம் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன் என்பது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

மாசி முடிகிற சமயம் அடுத்த எக்ஸ்ரே. மார்ச் மாதம், என் பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள், நான் ஆஸ்பத்திரி பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். உள்ளே போனதும் டாக்டர் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார். எழுந்து வந்து என் வலது பாதத்தைக் கையில் எடுத்து, திருப்பி, உள்ளங்காலைப் பார்த்தார். பிறந்த பிள்ளையின் பாதம் போல மெத்தென்று, தோல் உரிந்து, வெளுத்துக் கிடந்தது. இடது பாதத்தையும் பார்த்தார். அது வாத்தியார் பாதம், காய்த்துப் போனது.

"டீச்சர், இது தரையைத் தொட்ட பாதம் இல்லீங்க" என்றார்.

எனக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது. நாற்பத்தாறு வயதில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. படத்தைக் காட்டினார். நாலு மாதம் ஆகியும் முறிந்த இடத்தில் கறுப்புக் கோடு அப்படியே இருந்தது. இரண்டு கரையிலும் வெள்ளையாகப் புதுசு ஒன்றும் வரவில்லை. இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம், அப்போதும் இப்படியே இருந்தால் மறுபடி திறந்து, இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து இங்கே வைக்க வேண்டும், அதுவும் சேரும் என்று எழுதித் தர முடியாது என்றார். சேராவிட்டால் என்று நான் கேட்டேன். ஊன்றுகோலோடு இருக்கப் பழக வேண்டியதுதான், மணிக்கணக்கில் நின்று பாடம் எடுப்பது கஷ்டம் என்றார். எனக்கு அந்த அறை கொஞ்சம் சாய்ந்தது.

பிறகுதான் அவர் என் பாடத்தை எனக்கே நடத்தினார். எலும்புக்குள்ளும் எலும்பைச் சுற்றியுள்ள உறையிலும் குருத்தணுக்கள் இருக்கின்றன. முறிவு ஏற்பட்டால் அவைதான் ஓடி வருகின்றன. வந்து நின்று, நான் எலும்பு கட்டும் செல்லாவதா, வேறு ஏதாவது ஆவதா என்று சுற்றுப்புறத்தைப் பார்த்து முடிவு செய்கின்றன. ரத்த ஓட்டம் பார்க்கின்றன, ஊட்டம் பார்க்கின்றன, அதோடு பாரத்தையும் பார்க்கின்றன. கால் ஊன்றும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, உள்ளே இருக்கிற நீர் அசைகிறது, அந்த அசைவு செல்லுக்கு எட்டுகிறது. இங்கே ஒருத்தி நிற்கிறாள், தாங்குவதற்கு ஆள் வேண்டும் என்று அதற்குச் செய்தி போகிறது. செய்தியே போகாவிட்டால் மஜ்ஜையில் இருக்கிற செல்கள் கொழுப்பின் பக்கம் சாய்வது அதிகமாகிறது. ஒரு பக்கத்து விசையைத் தட்டினால் மறுபக்கத்து விசை அமுங்குகிற மாதிரி இரண்டு மரபணுக்கள் இதற்குள் வேலை செய்கின்றன என்றார். உங்களுக்குச் சேராததற்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நம் கையில் இருப்பது இது ஒன்றுதான் என்றும் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

அன்றைக்கே தொடங்கச் சொன்னார். ஐந்து கிலோ, பத்து கிலோ என்று அளந்து ஏற்றச் சொன்னார். வீட்டில் எடை பார்க்கிற மெஷின் இருந்தால் காலை அதில் வைத்து அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

காரில் ஊர் வரும் வரைக்கும் அவர் வண்டியை ஓட்டினார், நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். திருவிழாவுக்கு ஏறக்குறைய எட்டு வாரம் இருந்தது. டாக்டர் கொடுத்திருந்ததும் எட்டு வாரம். வேண்டுதலைக் காப்பாற்றினால் கால் போகும், காலைக் காப்பாற்றினால் வேண்டுதல் போகும்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் போனில் இதைப் பற்றியே படித்தேன். கண்ணாடித் தட்டில் இந்தச் செல்களை வளர்த்துப் பார்த்தவர்கள் எழுதியிருந்தார்கள். அடியில் இருக்கும் தளம் விறைப்பாக இருந்தால் எலும்பின் பக்கம் சாய்கின்றனவாம், மெதுமெதுவென்று இருந்தால் கொழுப்பின் பக்கமாம். எல்லாம் அதே செல், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். எதன்மேல் உட்காருகிறோம் என்பதைப் பார்த்து எதுவாக ஆகிறோம் என்று முடிவு செய்கின்றன. மெத்தையில் சாய்ந்துகொண்டு இதைப் படிக்க எனக்கே வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் இதற்கு அடிக்கோடு போடச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டோமே என்றும் இருந்தது.

வெட்கத்துக்கு உள்ளே இன்னொன்று இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம். அந்தச் சத்தம் மறுபடி வந்துவிடும் என்று பயம். தை மாதமே டாக்டர் ஊன்றச் சொன்னபோது என் உடம்பு முழுக்க வேண்டாம் வேண்டாம் என்றது. அந்த நேரம் பார்த்து இவர் வேண்டுதலைச் சொன்னார். சாமி பேரைச் சொல்லி நான் தப்பித்துக்கொண்டேன். ஊரார் பார்வையில் மூடநம்பிக்கை அவருடையது, படித்த பொம்பளை பாவம் மாட்டிக்கொண்டாள். உண்மை அப்படி இல்லை. அவராவது அம்மனை நம்பினார். நான் எதையும் நம்பாமல் அவர் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் காலை, அவர் மண்டிக்குக் கிளம்புகிற நேரம், உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரிடம் நான் சொன்ன பொய், என் பயம், பிறகு அந்தச் செல் எப்படி இரண்டு வழியில் ஒன்றை எடுக்கிறது என்பது. பன்னிரண்டாம் வகுப்புக்கு நடத்தியதை விட நன்றாகவே நடத்தினேன் என்று நினைக்கிறேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப உன் எலும்புக்குப் போக வேண்டியத நான்தான் கொழுப்பாக்கிட்டனா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாம் ரெண்டு பேரும் சேர்ந்து ஆக்கினோம் என்றேன். அவர் கண் கலங்கியதை மறைக்க வெளியே போய் பைக்கை உதைத்தார்.

மண்டிக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். மதியம் திரும்பி வந்தவர் வண்டியில் ஒரு உரச்சாக்கு. அதில் பாதி மணல். முந்திரிக் காட்டுக் கோயிலுக்கே போயிருக்கிறார். பூசாரியிடம் நடந்ததைச் சொல்லி, வேண்டுதலை மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறார். பூசாரி முதலில் முறைத்திருக்கிறார். கால் சேர வேண்டுமென்று வேண்டினாயா, சேரக்கூடாதென்று வேண்டினாயா என்று கேட்டிருக்கிறார். பிறகு அம்மன் வாசலில் அவரே மண்வெட்டியால் வாரிச் சாக்கில் போட்டு, முதல் அடி அம்மன் மண்ணில் படட்டும், அது எங்கே இருந்தால் என்ன, திருவிழாவுக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து மிச்சத்தைச் செலுத்து என்று அனுப்பியிருக்கிறார். இந்த யோசனை என் ஆள் தலையிலும் உதிக்கவில்லை, இருபது வருடம் அறிவியல் நடத்திய என் தலையிலும் உதிக்கவில்லை.

சாயங்காலம் மண்டியிலிருந்து எலக்ட்ரானிக் தராசைக் கூடத்துக்குத் தூக்கி வரச் செய்தார். மூட்டை வைக்கிற பெரிய இரும்புத் தட்டு. அதன்மேல் அலுமினியத் தாம்பாளம், தாம்பாளத்தில் அம்மன் மணல். மணலின் எடை காட்டியதும் பட்டனை அழுத்திச் சைபர் ஆக்கினார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, வலது பாதத்தை இறக்கினேன்.

மணல் குளிர்ந்திருந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு என் பாதத்துக்குக் கீழே ஏதோ இருந்தது. கொஞ்சம் அழுத்தினேன்.

"நாலே கால்" என்று மண்டிக் குரலில் கத்தினார். அப்புறம் என் நைட்டியைப் பார்த்து, மூட்டைக்குச் சாக்கு எடையைக் கழிக்கிற அதே தோரணையில், "சாக்குக் கழிவு போக நாலு" என்றார்.

நான் அவரை வைத வசவை இங்கே எழுத முடியாது. ஆனால் வைகிற மும்முரத்தில் இன்னும் அழுத்திவிட்டேன். ஆறரை காட்டியது. சத்தம் எதுவும் வரவில்லை. வலித்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து காலையும் சாயங்காலமும் தராசு. ஆறு, எட்டு, பத்து. டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது என்பதில் அவர் கறார். பத்தரை காட்டினால் எடு எடு என்பார். ஒரு நாள் வீறாப்பில் இருபதில் இருக்க வேண்டியதை முப்பதுக்கு அழுத்தி, மறுநாள் கால் வீங்கிக்கொண்டது. இரண்டு நாள் என்னோடு பேசாமல் தராசைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டார். டாக்டருக்குப் போன் செய்தோம். ஓய்வு கொடுத்துவிட்டு பதினைந்தில் ஆரம்பியுங்கள் என்றார். ஆரம்பித்தோம். முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, வாக்கரோடு கூடத்தில் பத்தடி நடந்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவை ஊன்றும்போதும் அந்தச் செல்களிடம், இதோ இருக்கிறேன், தாங்க வாருங்கள் என்று மனசுக்குள் சொல்வேன். வேண்டுதல் என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது. யாரிடம் வேண்டுகிறோம் என்பதில்தான் எனக்கும் அவருக்கும் வித்தியாசம்.

சித்திரைத் திருவிழாவில் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அம்மன் வாசலில் நின்றேன். முந்திரிப் பழ வாசனையும் கூட்டமுமாக இருந்தது. நான் பெரிய பக்தை இல்லை. ஆனாலும் அன்றைக்கு மனசார நின்றேன்.

அடுத்த வாரம் எக்ஸ்ரே. படம் எடுத்துவிட்டு வெளியே காத்திருந்த அரை மணி நேரம் மாதிரி நீளமான அரை மணி நேரம் என் வாழ்க்கையில் இல்லை. உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். புதுப் படத்தில் அந்தக் கறுப்புக் கோட்டை மறைத்துக்கொண்டு, மூன்று பக்கமும் வெள்ளையாகப் புகை படர்ந்த மாதிரி இருந்தது. நாலாவது பக்கம் இன்னும் கறுப்புதான். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரின் விரல் வெளுத்த மூன்று பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டது.

"இது போதும் டீச்சர். இனி அறுக்க வேண்டியதில்லை. நாலாவதும் வந்துடும்" என்றார்.

அந்தப் புகை கொழுப்பு இல்லை. என் மஜ்ஜையிலும் உறையிலும் எதுவாகவும் ஆகாமல் காத்துக்கிடந்தவை எலும்பு கட்டப் போயிருந்தன. சுண்ணாம்பு வாரி வைத்திருந்தன. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜூன் மாதம் பள்ளிக்கூடத்துக்குப் போகலாமா என்று அழுகைக்கு நடுவிலேயே கேட்டேன். போகலாம், நடுநடுவே உட்காருங்கள் என்றார்.

காரைச் சர்வீசுக்கு விட்டிருந்ததால் அன்றைக்குப் பஸ்ஸில் வந்திருந்தோம், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. ஒரு டிரைவர் ஊன்றுகோலைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிட்டத்தில் கொண்டு வந்து நிறுத்தினார். நான் ஏறுவதற்குக் கம்பியைப் பிடித்தேன்.

"வேணாம்ப்பா, நீ போ" என்று என் வீட்டுக்காரர் ஆட்டோவை அனுப்பினார். பிறகு என்னைப் பார்த்து, "பஸ் ஸ்டாண்டு கிட்டத்துலதான் இருக்கு. நடந்தே போவோம்" என்றார்.

வெயில் சுள்ளென்று இருந்தது. காலும் விண்விண் என்று தெறித்தது. மாசக்கணக்கில் தரையில் கால் படாமல் தூக்கிச் சுமந்த மனுஷன் பேசுகிற பேச்சா இது என்று கேட்டேன். அவர் என் கைப்பையை மட்டும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டடி முன்னால் நடக்க ஆரம்பித்தார். அவர் கை இரண்டும் என் பக்கம் வரத் துடிப்பதும், அவர் அதை முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோத்துக்கொள்வதும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் முழுப் பாரத்தையும் போட்டு நடந்தேன்.